லிங்க்ட்இன்ல "ஹாய் சார்" போட்டா வேலை வருமா? உங்க கேள்விகளுக்கு பதில்

வேலை தேடுறதுக்கு சோஷியல் மீடியாவ எப்படி யூஸ் பண்றதுன்னு கேளுங்கன்னு சொன்னாலும் சொன்னேன், இன்பாக்ஸ் நெறஞ்சு போச்சு. நான் பதினோரு வருஷமா சென்னையில ஆள் எடுக்குற வேலையில இருக்கேன், அதுவும் ஃபேக்டரி சைடு தான் அதிகம், அதனால ஐடி மக்கள் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

அக்கா, 2023ல மெக்கானிக்கல் முடிச்சேன், அம்பத்தூர்ல ஒரு சின்ன யூனிட்ல குவாலிட்டில இருக்கேன். லிங்க்ட்இன்ல முன்னூறு பேருக்காவது மெசேஜ் போட்டிருப்பேன், ஒருத்தர் கூட ரிப்ளை பண்ணல. என்ன தப்பு?

நீ அனுப்புன ஸ்க்ரீன்ஷாட் பாத்தேன் தம்பி. "ஹாய் சார், எனி ஓபனிங் ஃபார் மீ?" அவ்ளோதான் இருக்கு. நீ யாரு, என்ன வேலை தெரியும், எந்த போஸ்ட்டுக்கு கேக்குற, எல்லாத்தையும் அவரே தோண்டி எடுக்கணும். அன்னைக்கு அவருக்கு லைன்ல ரிஜெக்‌ஷன் பிரச்சனை ஓடிட்டு இருக்கும், அப்புறம் பாக்கலாம்னு மூடி வெப்பாரு, அந்த அப்புறம் வரவே வராது.

முதல்ல ஆள மாத்து. முன்னபின்ன தெரியாத எச்ஆருக்கு போடுறத விட்டுட்டு லிங்க்ட்இன்ல உன் காலேஜ் பேஜுக்கு போ, அங்க அலும்னின்னு ஒரு டேப் இருக்கும், எந்த கம்பெனில எந்த ஊர்ல யார் இருக்காங்கன்னு பிரிச்சு காட்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் உங்க சீனியர்ஸ் எத்தன பேர் இருக்காங்கன்னு பாத்தா நீயே ஆச்சரியப்படுவ. அப்புறம் நிறைய கம்பெனில ரெஃபர் பண்ண ஆள் சேந்துட்டா ரெஃபர் பண்ணவருக்கு காசு உண்டு, அதனால கூச்சமே வேணாம். ஆனா அவர் உள்ள இருக்குற போர்ட்டல்ல ஜாப் ஐடி, உன் மெயில், ரெஸ்யூம்னு எல்லாம் ஏத்தணும். அத நீயே ரெடியா கையில குடுத்துட்டா அவருக்கு ரெண்டு நிமிஷ வேலை. இப்படி போடு (சிஎம்எம்னா பார்ட்டோட அளவெடுக்குற மெஷின்):

"அண்ணா, நானும் நம்ம காலேஜ் தான், 2023 மெக்கானிக்கல். உங்க பிளான்ட்ல குவாலிட்டி இன்ஜினியர் போஸ்ட் பாத்தேன், ஜாப் ஐடி இது. அம்பத்தூர்ல சிஎம்எம் இன்ஸ்பெக்‌ஷன் பாத்துட்டு இருக்கேன். ரெஃபர் பண்ண முடியுமாண்ணா? ஓகேன்னா ரெஸ்யூம் அனுப்புறேன்."

பேருக்குக் கீழ ஹெட்லைன்ல "ஆஸ்பைரிங் இன்ஜினியர், சீக்கிங் ஆப்பர்ச்சூனிட்டி"ன்னு வச்சிருக்க. நாங்க தேடும்போது "சிஎம்எம்", "பிபிஏபி" (புது பார்ட்டுக்கு கஸ்டமர்கிட்ட ஒப்புதல் வாங்குற முறை)ன்னு தான் அடிச்சு தேடுவோம், ஆஸ்பைரிங்னு இதுவரைக்கும் நான் தேடுனதே இல்ல. 220 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, தெரிஞ்ச வேலைய அங்க எழுது.

இப்ப ஒரு கம்பெனில வேலைல இருக்கேன். வேலை தேடுறேன்னு லிங்க்ட்இன் போட்டோல காட்டுற அந்த "ஓப்பன் டு ஒர்க்" பச்ச ரிங் போட்டா மேனேஜருக்கு தெரிஞ்சிடுமா?

ரிங் போட்டா ஊருக்கே தெரியும், மேனேஜருக்கு தெரியாதா? ஓப்பன் டு ஒர்க்ல ரெண்டு வழி இருக்கு, ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டுன்னு வச்சா போட்டோல ரிங் வராது, உங்க கம்பெனி ரிக்ரூட்டருக்கும் காட்டாம இருக்க லிங்க்ட்இன் பாத்துக்கும். ஆனா முழு கேரண்டி தரமாட்டோம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. உங்க கம்பெனிக்கு ஆள் எடுத்துத் தர்ற கன்சல்டன்சிக்காரங்க கண்ணுல பட்டா அவங்க வாய நம்பி தான் இருக்கணும். வேலை போயிடுச்சு, நோட்டீஸ் பீரியட்ல இருக்கேன்னா தைரியமா ரிங் போடுங்க, அதுல அசிங்கம் ஒன்னும் இல்ல.

காலேஜ் டைம்ல ஃபேஸ்புக்ல நடிகர் சண்டை எல்லாம் போட்டிருக்கேன். எச்ஆர் பாப்பாங்களா?

பாக்குறவங்களும் உண்டு. ஃபேஸ்புக் செட்டிங்ஸ்ல பழைய போஸ்ட் எல்லாத்தையும் ஒரே அடியா ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும்னு மாத்தலாம், பண்ணிடுங்க. சினிமா சண்டைய நாங்க பெருசா எடுத்துக்க மாட்டோம், சாதிய வச்சு, பொண்ணுங்கள வச்சு கேவலமா எழுதியிருந்தா தான் சிக்கல். அடுத்தவன் போஸ்ட்டுக்குக் கீழ போட்ட கமெண்ட் இதுல மறையாது, அத தேடிப் போய் அழிக்கணும்.

தம்பி இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் பாத்தான், தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு டெலிகிராம்ல அவன்கிட்ட பேசிட்டு இருக்காங்க, மாசம் 80,000 சம்பளமாம், டூரிஸ்ட் விசால வா அங்க மாத்திக்கலாம்னு சொல்றாங்க. நம்பலாமா?

வேணாம். பாஸ்போர்ட் காப்பி கூட குடுக்க வேணாம். 2022 செப்டம்பர்லயே வெளியுறவுத் துறை இதே கதைய சொல்லி எச்சரிக்கை விட்டாங்க, தாய்லாந்துல வேலைன்னு கூட்டிட்டுப் போய் பார்டர் தாண்டி மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன்ல ஊர ஏமாத்துற வேலைய அடிச்சு செய்ய வெச்சாங்க, விளம்பரம் வந்த இடமும் சோஷியல் மீடியா தான். அதுல மாட்டி திரும்பி வந்தவங்கள்ல நம்ம தமிழ்நாட்டுப் பசங்களும் இருந்தாங்க.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புறவங்க அரசாங்கத்துல பதிவு பண்ணியிருக்கணும், அரசாங்கத்தோட இமைக்ரேட் (eMigrate) சைட்ல பேர் இருக்கான்னு பாருங்க. அவங்க வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தான், ரெண்டு லட்சம் கேட்டா என்ன அர்த்தம்னு நீங்களே புரிஞ்சுக்கோங்க. தம்பிக்கு வெளிநாடு தான் போகணும்னா நம்ம தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978ல இருந்து இருக்கு, அங்க கேட்டுப் பாக்கட்டும். ஏற்கனவே பணம் எதுவும் அனுப்பியிருந்தா இத படிக்கிறத நிறுத்திட்டு சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிடுங்க, சீக்கிரம் சொன்னா பணம் கை மாறுறதுக்குள்ள பேங்க்ல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

மதுரை, எம்.காம். குழந்தைக்காக ஆறு வருஷம் பிரேக். மறுபடி அக்கவுண்ட்ஸ் வேலைக்கு லிங்க்ட்இன் உதவுமா?

ப்ரொஃபைல் வச்சுக்கோங்க, பிரேக்க மறைக்காதீங்க, கெரியர் பிரேக்னு போட அதுலயே இடம் இருக்கு. ஆனா உண்மைய சொன்னா மதுரைல ஆடிட்டர் ஆபீஸ், மொத்த வியாபாரக் கடை வேலை எல்லாம் வாட்ஸ்அப்ல தான் கைமாறும். நீங்க விட்டுட்டுப் போனப்புறம் ஜிஎஸ்டில எவ்ளோவோ மாறிடுச்சு, அத ஒரு மாசம் உக்காந்து படிங்க, டாலி பிரைம்ல கை பழகுங்க, அப்புறம் "ஜிஎஸ்டி ரிட்டர்ன், டாலி தெரியும், அண்ணா நகர் பக்கம், காலைல 10ல இருந்து 4 வரைக்கும் வரமுடியும்"னு நாலு வரி ஸ்டேட்டஸ் வைங்க. சொந்தக்காரங்க என்ன நெனப்பாங்கன்னு கேட்டிருந்தீங்க, அதுல ஒருத்தருக்கு ஒரு ஆடிட்டர கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்.

லிங்க்ட்இன்ல தினமும் போஸ்ட் போட்டா தான் வேலை கிடைக்குமா?

இல்ல. போன மாசம் நான் எடுத்த அஞ்சு பேர்ல நாலு பேர் இதுவரைக்கும் ஒரு போஸ்ட் கூட போட்டதில்ல. அஞ்சாவது ஆள் போட்டிருந்தாரு, அம்மாக்கு பர்த்டே விஷ்.