அவனுக்குத் தெரியாதவிதமாய்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். நினைவு தப்பிவிட்டது. ஆறு வருடமாக வாரம் ஒருமுறை போய், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்துவிட்டு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் “நீ யாரு?” என்றுதான் கேட்பார். என்னோடு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் இன்று கூட்டங்கள் நடத்துகிறார்கள், ஊழியத்துக்குப் போகிறார்கள். போன மாதம், கனி கொடாத கொடி அறுத்துப்போடப்படும் என்ற வசனத்தின் மேல் ஒரு பிரசங்கம் கேட்டேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. கடுகளவு விசுவாசம் போதும் என்கிறார்கள். என் கடுகு முளைக்கவே இல்லையே?

எஸ்.

அன்புள்ள சகோதரி,

உங்களைத் தூங்கவிடாத அந்த அதிகாரத்தை, யோவான் 15ஐ, இன்னொருமுறை முழுதாக வாசியுங்கள். அங்கே திரும்பத் திரும்ப வரும் சொல் ‘நிலைத்திருங்கள்’. கொடிக்குச் சொல்லப்பட்ட வேலை செடியோடு ஒட்டியிருப்பது மட்டும்தான். ஆறு வருடம் ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்தவருக்கு அந்தச் சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து ஆட்களைப் பயமுறுத்துவது எளிது. அந்தப் பிரசங்கியார் அதைத்தான் செய்தாரா என்று நான் சொல்ல முடியாது, நான் கேட்கவில்லை.

கடுகுக்கு வருகிறேன். சிறிய கடுகு விதை வளர்ந்து பறவைகள் வந்து அடையும் மரமாகும் என்று இயேசு ஓர் உவமையும் சொன்னார். அப்படிப்பட்ட மரம் என்றதும் அவர் பேச்சைக் கேட்டவர்களுக்கு எசேக்கியேல் 17இல் வரும் கேதுரு நினைவுக்கு வந்திருக்கும். உயர்ந்த மலையில் நடப்பட்டு, சகலவிதப் பறவைகளும் தங்கும் மகத்தான மரம் அது. அவரோ தோட்டத்துச் செடியான கடுகைச் சொல்கிறார். எவ்வளவு வளர்ந்தாலும் கடுகு கேதுருவாகாது. அதன் நிழலுக்கும் பறவைகள் வருகின்றன, அவ்வளவுதான். ‘சின்னதாகத் தொடங்கு, பிரமாண்டமாக முடியும்’ என்று நாம் இந்த உவமையைத் தன்முன்னேற்றப் பேச்சாக்கிவிட்டோம் என்பது என் வருத்தம்.

மாற்கு 4இல் கடுகு உவமைக்குச் சற்று முன்னால் இன்னொரு விதை இருக்கிறது. ஏனோ அதை அதிகம் பேசுவதில்லை. ஒருவன் விதைக்கிறான், இரவில் தூங்குகிறான், பகலில் விழிக்கிறான். விதை “அவனுக்குத் தெரியாதவிதமாய்” முளைத்துப் பயிராகிறது. முளைத்ததா என்று அவன் மண்ணைக் கிளறிப் பார்க்கவில்லை, தூங்குகிறான். நீங்கள்தான் தூங்கவில்லை!

சீரியாவின் படைத்தலைவன் நாகமானின் வீட்டில் இருந்த அடிமைச் சிறுமியை நினைத்துப் பாருங்கள். சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவள். எஜமானியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள்: சமாரியாவில் உள்ள தீர்க்கதரிசியிடம் போனால் எஜமானின் குஷ்டம் நீங்கும். அவன் போனான், குணமானான், இஸ்ரவேலின் தேவனை அறிக்கையிட்டான். அவள் பெயர்கூட நமக்கு எழுதிவைக்கப்படவில்லை. வீடு திரும்பினாளா என்பதும் இல்லை.

நீங்கள் ‘சங்கீதம்’ என்று எழுதுவதால் கத்தோலிக்கர் அல்ல என்று ஊகிக்கிறேன் (அவர்கள் திருப்பாடல் என்பார்கள்). இருந்தாலும் பிரான்சின் லிசியே நகரத்துக் கன்னியாஸ்திரி தெரேசாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 15 வயதில் கார்மேல் மடத்துக்குள் போனவர், 1897இல், 24 வயதில், அங்கேயே இறந்தார். அந்த மடத்தில் முதிய கன்னியாஸ்திரி ஒருவர் இருந்தார். திருப்திப்படுத்தவே முடியாதவர். வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார், மெதுவாக நடந்தால் பிடியே இல்லை என்பார். மாலை ஜெபத்திலிருந்து சாப்பாட்டு அறைக்கு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவதைத் தெரேசாள் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைப் பார்த்து, அதையும் வெட்டிக்கொடுத்து, ஒரு புன்னகையோடு திரும்புவார். மடத்தைவிட்டு வெளியே போகாத இவரை 1927இல் மறைப்பணிகளின் பாதுகாவலராக அறிவித்தார்கள். கடல் கடந்து ஊர் ஊராக அலைந்த பிரான்சிஸ் சவேரியாருக்குச் சமமாக!

இதையும் எச்சரிக்கையோடுதான் சொல்கிறேன். உங்களுக்கும் ஒருநாள் அப்படிப் பெயர் கிடைக்கும் என்பதற்காக அல்ல. அந்த மாலைகளில் அங்கே இருந்தது ஒரு துண்டு ரொட்டியும் ஒரு சிரிப்பும்தான். அந்தக் கிழவிக்கு அது போதுமானதாக இருந்தது.

“தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர் பயன்தெரி வார்” என்ற குறள் உங்களுக்குத் தெரியும். தினையைப் பனையாகக் காண்பவர் யார் என்று கவனியுங்கள். உதவியைப் பெற்றவர். செய்தவர் கையில் அளவுகோலே இல்லை. மத்தேயு 25இல், எளியவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று ராஜா சொல்லும்போது, நீதிமான்களும் ‘நாங்கள் எப்பொழுது உமக்குச் செய்தோம்?’ என்று திகைத்துத்தானே நிற்கிறார்கள்?

உங்கள் மூதாட்டிக்கு அளக்கவும் நினைவில்லை. அந்த வலி எனக்குப் புரிகிறது. நன்றி சொல்ல முடியாத ஒருவருக்குச் செய்வது கடினம். நானும் வருகிற கடிதங்களை எண்ணிப் பார்க்கிறவன்தான், உங்களுக்கு உபதேசிக்கும் தகுதி எனக்கு இல்லை.

ஒரு யோசனை மட்டும். முகமும் பெயரும் மறந்துபோன பிறகும் சின்ன வயதில் பாடிய பாட்டு சிலருக்கு நாவில் நிற்பதுண்டு. அவர் காலத்துப் பாமாலை ஒன்றை மெல்லப் பாடிப் பாருங்கள். கூடப் பாடாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு 71ஆம் சங்கீதம் வாசியுங்கள். “முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும்” என்ற வரி வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் “நீ யாரு?” என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.