தேநீர் ருசிக்கவில்லை: கோளாறு நாக்கிலா, மூக்கிலா?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக இருக்கிறேன். வயது 44. மூன்று மாதங்களுக்கு முன் காய்ச்சலும் தடிமனும் வந்து மாறின. அன்று முதல் சாப்பாட்டில் ருசி இல்லை. தேநீர் வெறும் சீனித் தண்ணீராக இருக்கிறது. தைலத்தை முகர்ந்தால் சுள்ளென்று ஏறுகிறது. ஆகவே மூக்கில் குறை இல்லை. நாக்குக்கு விட்டமின் மாத்திரை எடுக்கலாமா?

பதில்: மாத்திரைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். உங்கள் நாக்கு நன்றாக இருக்கிறது. தேநீரில் சீனி தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே!

நாவின் சுவை மொட்டுகள் அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச் சாறு போன்ற சுவை) என்ற ஐந்தைத்தான். நாம் அறுசுவையில் சேர்க்கும் துவர்ப்பு, தேயிலையின் பாலிபீனால்கள் உமிழ்நீர்ப் புரதத்தோடு சேர்ந்து வாயை இறுக்குவதால் வரும் தொடு உணர்வு. மிளகாயின் உறைப்போ வலி நரம்பின் வேலை. இவை போக நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி வாசனையே. மெல்லும்போதும் விழுங்கும்போதும் அது தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. தேநீர்ச் சுவைஞர்கள் கரண்டியிலிருந்து சத்தமாக உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அது மரியாதைக் குறைவல்ல. தேநீரைத் துளிகளாகச் சிதறடித்து, அந்தப் பின்வழியே மணத்தை மேலே அனுப்பும் உத்தி.

மூக்கின் உட்கூரையில், தபால் தலை அளவுக்குள் அடங்கும் ஒரு சவ்வில், நுகர்ச்சி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அவற்றின் இழைகள் மண்டையோட்டின் சல்லடை போன்ற எலும்பைத் துளைத்து நேரே மூளைக்குச் செல்கின்றன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு. இந்த ஏற்பிக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. தடிமன் வைரஸ் சில வேளைகளில் இந்தக் கலங்களையோ அவற்றைத் தாங்கும் அயல் கலங்களையோ சிதைத்துவிடுகிறது. சளி வற்றி மூச்சு தாராளமாக வந்தாலும் மணம் வராதது அதனால்தான்.

தைலம்தான் உங்களை ஏமாற்றிவிட்டது. அதிலுள்ள மென்தோலின் குளிர்ச்சியையும் எரிவையும் உணர்வது முகத்தின் தொடு உணர்வுக்கான வேறொரு நரம்பு. முகரும் திறன் முற்றாகப் போனவருக்கும் தைலம் சுள்ளென்று ஏறும். வீட்டிலேயே சோதிக்கலாம்: கண்ணை மூடிக்கொண்டு, கோப்பித் தூளையும் கராம்பையும் மனைவியை மாற்றி மாற்றி நீட்டச் சொல்லுங்கள். எது எதுவென்று சொல்ல முடியாவிட்டால் குறை மூக்கில்தான்.

நல்ல செய்தி, நுகர்ச்சிக் கலங்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைக்கக்கூடியவை. பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்புகிறது. எல்லோருக்கும் முழுமையாகத் திரும்பும் என்று வாக்களிக்க மாட்டேன். ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் 12 வாரங்கள் முகர்ந்து பயின்றவர்களுக்குப் பலன் கிடைத்ததாக ஜெர்மனியில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. நான்கும் மலையகத்தில் கைக்கெட்டுபவை. ஒவ்வொன்றையும் இருபது விநாடி, அதன் பழைய மணத்தை மனத்தில் கொண்டுவந்தபடி, மெதுவாக முகருங்கள். இடையில் கோப்பியோ வெங்காயமோ அழுகிய நாற்றமாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் புது இணைப்புகள் உருவாகும்போது அப்படி நேரும். மூக்கடைப்புச் சொட்டு மருந்து இதற்கு உதவாது. ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் அடைப்பையே உண்டாக்கும். புகைபிடித்தால் நிறுத்துங்கள்.

அரைத்துப் புளிக்கவிட்ட கொழுந்தான தூள், பச்சை வாசம் மாறிப் பழ மணத்துக்கு வரும் பதத்தை மூக்கால் பிடிப்பது உங்கள் தொழில். இப்போதைக்கு அதை இன்னொருவரின் மூக்கிடம் ஒப்படையுங்கள். பெரிய டீமேக்கரிடம் மறைத்தால் ஒரு நாள் தூள் முழுவதும் கெடும். வீட்டில் காஸ் சிலிண்டர் இருந்தால் இன்னும் கவனம். சமையல் வாயுவுக்கு இயல்பில் மணமில்லை, கசிவு தெரியவே நாற்றம் சேர்க்கிறார்கள். உங்களுக்கு அது எட்டாது. இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள், மிஞ்சிய கறி பழுதா என்று வீட்டாரைக் கேளுங்கள்.

மூன்று மாதம் கடந்துவிட்டதால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு ஒருமுறை போவது நல்லது. ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, தலையில் அடிபட்ட பின் இது தொடங்கியிருந்தாலோ அந்தப் பயணத்தை அடுத்த வாரத்துக்கும் தள்ள வேண்டாம்.