கதை எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பகலில் வேலை, இரவில் எழுத்து என்று இருப்பவராகத்தான் இருப்பீர்கள். நானும் அப்படித்தான். என் பெயரில் புத்தகம் எதுவும் இல்லை, அதனால் 'இவன் யார் சொல்வதற்கு' என்று தோன்றுபவர்கள் தாண்டிப் போய்விடலாம். ஆனால் 'செயற்கை' என்ற சொல் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

தூத்துக்குடி உப்பளத்தை வைத்து ஒரு கதை எழுதினேன். மகள் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்கும் தாய், ஐப்பசியில் உப்பு வாரும்போது பாத்தியிலேயே மயங்கி விழுகிறாள். உப்பு வைரம்போல மின்னியது என்றும் எழுதியிருந்தேன். என் அத்தை இருபது வருடம் அளத்தில் வேலை பார்த்தவர். படிக்கத் தெரியாது, அதனால் வாசித்துக் காட்டினேன்.

"ஐப்பசில யாருல உப்பு வாருவா? மழையில எல்லாம் கரைஞ்சு போவும்லா" என்றார். அப்புறம், "மின்னுமாம்ல. கண்ணு கூசி தண்ணியா வடியும்" என்றார். அந்தத் தாய் மகளிடம் பேசும் இடம் வந்ததும், "இவ என்ன வாத்தியாரம்மாவா?" என்று கேட்டார்.

கதை அங்கேயே உடைந்துவிட்டது. ஆனால் உடைந்த இடத்தில்தான் உண்மையான கதை இருந்தது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் அளத்தில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. இப்போது அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. அத்தை காலத்தில் அதுவும் இல்லை, கடன் வாங்கித்தான் அடுப்பு எரிந்தது. இரண்டாவது முறை எழுதியபோது யாரும் மயங்கி விழவில்லை. மழை பெய்கிறது, வேலையில்லாத தாய் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவ்வளவுதான்.

கற்பனையே வேண்டாமா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தாயின் மனசு முழுக்க என் கற்பனைதான். எந்த மாதத்தில் என்ன வேலை நடக்கும் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்த ஒருவருக்குக் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் எங்கே குறுக்கிடுகிறாரோ, அங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து, "வட்டார வழக்கைக் குறைத்து அனுப்பவும்" என்று ஒரு வரி வந்தது. அத்தை பேசியதைக் குறைத்தால் அதில் என்ன மிஞ்சும்? நான் குறைக்கவில்லை. கதை இன்னும் என்னிடமே இருக்கிறது.