தேறும் நாட்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இரண்டு மாதம் முன்பு நிமோனியா வந்து பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். இப்போது காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம் என்கிறார் டாக்டர். ஆனால் குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டியிருக்கிறது. அதைவிடத் தொல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. தடித்தடி நாவல்களாகப் படித்துத் தள்ளியவன் நான். இன்று இரண்டு பக்கம் தாண்டினால் முதல் பக்கம் மறந்துபோகிறது. வீட்டில் "அதான் எல்லாம் சரியாயிடுச்சே" என்கிறார்கள். நண்பர்கள் "சின்னச் சின்ன சந்தோஷங்களை ரசி" என்கிறார்கள். அதுதானே முடியவில்லை! காலையில் கண் விழித்தால் எதற்கு விழித்தோம் என்றிருக்கிறது. பழைய ஆளாக எப்போது ஆவேன்? அதுவரை நாட்களை எப்படித் தள்ளுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் இருப்பவர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பேசுகிறார்கள். நோயாளி என்றால் விழுந்து விழுந்து கவனிப்பார்கள். நல்லாயிருப்பவன் என்றால் வேலையைப் பார்க்கச் சொல்வார்கள். நடுவில் தேறிக்கொண்டிருப்பவன் என்று ஒருவன் இருக்கிறானே, அவனை என்ன செய்வதென்று யாருக்கும் தெரிவதில்லை. பாதி நேரம் அவனுக்கே தெரிவதில்லை.

முதலில் உடம்புக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1966-இல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் ஓர் ஆய்வு நடந்தது. நோய் நொடி இல்லாத, இருபது வயதை ஒட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடியும் சோதித்தார்கள். உழைக்கும் திறனை முப்பது வருஷ வயது குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. அவர்களுக்கு நோய் எதுவும் கிடையாது, சும்மா படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். உங்களுக்கோ நுரையீரலில் ஒரு யுத்தமே நடந்து முடிந்திருக்கிறது. நிமோனியாவுக்குப் பிறகு மூன்று மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், அசதி இருப்பது சகஜம். பெரும்பாலானவர்கள் ஆறு மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே குளித்துவிட்டு வந்து படுப்பதற்கு வெட்கப்படாதீர்கள். படுங்கள்.

அப்புறம் மனசு. "ரசி" என்று உங்கள் நண்பர்கள் சொல்வது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. உத்தரவு போட்டு வருகிற காரியமா அது? ரசிப்பதற்கும் தெம்பு வேண்டும். எதிர்பார்ப்பதற்கு அவ்வளவு தெம்பு வேண்டாம். படுத்தபடியே எதிர்பார்க்கலாம்.

வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை விஞ்ஞானி குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. ஒரு விளக்கு எரியும், சற்றுப் பொறுத்துக் குரங்குக்குப் பழச்சாறு கிடைக்கும். ஆரம்பத்தில் சாறு வரும்போதுதான் மூளையில் டோபமைன் (ஆசையோடும் ஊக்கத்தோடும் தொடர்புள்ள ஒரு ரசாயனம்) சுரக்கும் செல்கள் துள்ளின. பழகிய பிறகு, விளக்கு எரிந்ததுமே துள்ளல் வந்துவிட்டது. சாறு வந்தபோது விசேஷமாக ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், சாறு வர வேண்டிய அந்த நொடியில் அதே செல்கள் வழக்கமான நிலைக்கும் கீழே இறங்கிவிட்டன. இந்தக் கடைசிச் செய்தியைத்தான் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குரங்கிலிருந்து மனிதனுக்குத் தாவுகிறேன் என்று தெரியும், ஆனாலும் தாவுகிறேன். "உடம்பு சரியானதும் மலைக்குப் போகலாம்" என்று ஆசை காட்டிக்கொண்டு, அந்தத் தேதி தள்ளித் தள்ளிப் போனால், ஆசையே இல்லாமல் இருந்ததைவிட மோசமாகிவிடும். எனவே கட்டாயம் வந்து சேரக்கூடிய ஒன்றாகப் பாருங்கள். நாளைக்குள் வர வேண்டும். உங்கள் தெம்பை நம்பி இருக்கக் கூடாது.

எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்து படுத்திருந்தபோது, பார்க்க வந்த நண்பர் ஒரு சதுரங்கப் பலகையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல், போனில். அவருடைய செய்தி இரவு சாப்பாட்டுக்கு முன் வரும்: குதிரை இங்கே, சிப்பாய் அங்கே. நான் கையை நீட்டி அவருடைய காயை நகர்த்தி வைப்பேன். மறுநாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். வலி அதிகமான ஒருநாள் யோசிக்கவே முடியாமல் கைக்கு வந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். அதற்கு அவர் அரை மணி நேரம் யோசித்தாராம், ஏதோ பெரிய திட்டம் என்று. ஆட்டத்தில் தோற்றேன். ஆனால் தினமும் சாயங்காலம் ஆனதும் கண் தானாகப் போன் பக்கம் போகும்.

உங்களுக்குச் சதுரங்கம் பிடிக்காமல் இருக்கலாம். விஷயம் சதுரங்கத்தில் இல்லை. நேரம் தவறாமல் வரவேண்டும், கொஞ்சம் வேறுவேறாக வரவேண்டும், வருவது வெளியிலிருந்து வரவேண்டும். ஜன்னலுக்கு எதிரே ஒரு மொட்டு இருந்தால் அதுவே போதும். குறிப்பிட்ட நேரத்தில் ஒரு வானொலி நிகழ்ச்சி, ஒரு சிநேகிதரின் ஐந்து நிமிடக் குரல், எதுவும் சரி. தயவுசெய்து இதற்கும் அட்டவணை போட்டு டிக் அடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். நடந்த அடிகளை எண்ணும் கடிகாரத்தையும் கொஞ்ச நாள் கழற்றி வைத்தால் நல்லது. இன்று தெம்பாக இருக்கிறதென்று இரண்டு நாள் வேலையைச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் சுருண்டு கிடப்பது எல்லோரும் செய்கிற காரியம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுப்போய்விட்டன என்றால் அதை அசதி என்று ஒதுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் வைத்தியம் இருக்கிறது. மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் திரும்பினாலோ உடனே போங்கள்.

நாவல் விஷயம். அந்தத் தடிப் புத்தகத்தைக் கண்ணில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள். பார்க்கப் பார்க்கக் குற்ற உணர்ச்சிதான் வரும். முன்பே படித்த, கதை தெரிந்த ஒரு சிறுகதையை எடுங்கள். முதல் பக்கம் மறந்தாலும் நஷ்டமில்லை. இரண்டு பக்கம்தான் முடியுமென்றால் இரண்டு பக்கம். இன்னும் அரைப் பக்கம் படிக்கத் தெம்பு இருக்கும்போதே, தொடர்கதைக்காரர்கள் செய்வதுபோல, சரியான இடத்தில் "தொடரும்" போட்டு மூடிவிடுங்கள். எந்தக் கதையை எடுத்தீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.