வெப்பக் கணக்குக்குப் பயந்து துறையை மாற்றாதீர்கள்

வேதிப் பொறியியலில் வெப்பநிலை மாறாத ரியாக்டர் (வேதிவினை நடக்கும் கலன்) கணக்குகளை நன்றாகப் போட்டேன், வெப்பம் சேர்ந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது, பேசாமல் மென்பொருள் பக்கம் போய்விடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருள் பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் இந்தப் பாடத்துக்குப் பயந்து போக வேண்டாம். ஆலை வடிவமைப்பு, ஆய்வக வினையை ஆலை அளவுக்குக் கொண்டுபோவது, பாதுகாப்பு ஆய்வு என நீங்கள் விரும்பும் வேலைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம்.

வெப்பம் உமிழும் வினை என்றால், குழாய் ரியாக்டரில் அது நடக்க நடக்க வெப்பம் வெளியாகிறது. வெப்பநிலை ஏறினால் வினையின் வேகமும் ஏறுகிறது. அதனால் பொருள் சமன்பாட்டையும் (எவ்வளவு பொருள் வினைபுரிந்தது என்ற கணக்கு) ஆற்றல் சமன்பாட்டையும் (வெப்ப வரவு செலவுக் கணக்கு) சேர்த்தே தீர்க்க வேண்டும். குளிர்விக்கும் நீரும் சூடாவதால் மூன்றாவதாக ஒரு சமன்பாடு வருகிறது. அந்த நீர் எதிர்த்திசையில் ஓடினால், அதன் நுழைவு வெப்பநிலை தெரிவது குழாயின் மறுமுனையில். இந்த முனையில் ஒரு மதிப்பை ஊகித்து, மறுமுனை வரை கணக்கிட்டு, பொருந்தாவிட்டால் ஊகத்தைத் திருத்த வேண்டும். நீங்கள் சிக்கியிருப்பதும் இங்கேதான் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. இது உங்கள் அறிவுக் குறைவு அல்ல. கணக்கின் இயல்பே அப்படி.

முதலில் குளிர்விப்பே இல்லாத கணக்கை எடுங்கள். கந்தக அமில ஆலையில் கந்தக டை ஆக்சைடு வாயு சுமார் 420 டிகிரி செல்சியஸில் வனேடியம் வினையூக்கி (வினையை வேகப்படுத்தும் பொருள்) நிரப்பிய படுகைக்குள் நுழைகிறது. வெளியே வரும்போது ஏறக்குறைய 600 டிகிரி. அந்தச் சூட்டில் வேதிச் சமநிலை (வினை அதற்கு மேல் முன்னேறாத எல்லை) குறுக்கே நிற்பதால் 60 முதல் 70 சதவீதம் மட்டுமே கந்தக ட்ரை ஆக்சைடாக மாறியிருக்கும். குளிரவைத்து அடுத்த படுகைக்கு அனுப்புகிறார்கள். நான்கு படுகைகளில் 98 சதவீதம் வரை எட்டிவிடலாம். இதை, ஒரு அச்சில் வெப்பநிலை, மறு அச்சில் மாறிய சதவீதம் என்று வைத்து, வரைபடத் தாளில் கையால் வரையுங்கள்: ஏறும் நேர்கோடு, அது முட்டும் சமநிலை வளைவு, பிறகு குளிர்விப்புக் கோடு. கணினி நிரல் அதற்குப் பிறகு போதும்.

2007 டிசம்பரில் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் டி2 ஆலையில் குளிர்விப்பு தவறி, ரியாக்டர் வெடித்து நால்வர் இறந்தார்கள். அது குழாய் அல்ல, பொருளை மொத்தமாக ஒரே தடவை போட்டு வினைபுரிய வைக்கும் தொகுதி ரியாக்டர்தான். வெப்பச் சமன்பாடு அங்கும் இதே. விசாரித்த அமைப்பு, வேதிப் பொறியியல் பாடத்திட்டத்திலேயே இத்தகைய ஆபத்துகளைக் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்தப் பாடத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஒரு குழாய் ரியாக்டரின் கணக்கைப் பைத்தான் மொழியில் கணினி நிரலாக எழுதுங்கள். குளிர்நீர் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, குழாயின் மிகச் சூடான இடம் எங்கே நகர்கிறது, எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நேர்காணலுக்குப் போகும்போது அந்த வரைபடத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.