அழகர்கோயில் கோட்டை: நடந்து பார்க்கிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கே: அண்ணே, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோட வர்றோம். எங்கிருந்து நடக்க ஆரம்பிக்கலாம்?

ப: வெளிக்கோட்டை மதில் கண்ணில் பட்டதுமே வண்டியை ஓரங்கட்டுங்கள். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர் வருகிறவர்கள் கோயில் வாசலில்தான் கண் முழிக்கிறார்கள். ஒரு கோட்டைக்குள் நுழைந்துவிட்டோம் என்பதே தெரியாது. இங்கே மதில் இரண்டு சுற்று. வெளிமதிலில் செடி முளைத்துக் கல் சரிந்த இடங்கள் உண்டு, பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். ராயகோபுரத்தின் கல்வேலையை நிதானமாகப் பாருங்கள். அப்புறம் பதினெட்டாம்படிக் கருப்பர். ராஜகோபுர வாசல் அடைத்தே இருக்கும். அங்கே சிலை கிடையாது. கதவுதான் சாமி, சந்தனம் கதவுக்குத்தான். சித்திரையில் அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது அவர் நகைக் கணக்கைக் கருப்பர் முன்னால் வாசிப்பார்கள். கோட்டை, காவல் என்றால் என்ன என்பதை எனக்கு விளங்கவைத்தது மதிலைவிட அந்தக் கதவுதான்.

கே: இங்கிருந்து மீனாட்சி கோயிலுக்குச் சுரங்கப்பாதை இருக்காமே?

ப: இல்லை.

கே: கோட்டை 2000 வருசப் பழசு. மலையில பிராமி எழுத்து இருக்கே, அதுதான சாட்சி?

ப: எழுத்து பழசுதான். கிடாரிப்பட்டிப் பக்கம் குகையில், சமண முனிவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பேர் இருக்கிறது. மதிரைப் பொன்கொல்லன், உப்பு வாணிகன், பாணித வாணிகன், கொழு வாணிகன். பாணிதம் என்றால் வெல்லப்பாகு. கொழு, ஏர்முனை இரும்பு. அரசன் கட்டளை இல்லை, கடைத்தெரு ஆட்கள் சேர்ந்து செய்த தர்மம். ஆனால் தம்பி, குகையில் இருக்கிற எழுத்து குகைக்குத்தான் வயசு சொல்லும். கீழே நிற்கிற மதிலுக்கு எப்படிச் சொல்லும்?

அங்கே போனால் எழுத்து தெரியவில்லை என்று மாவையோ சுண்ணாம்பையோ தடவாதீர்கள். காலை, மாலைச் சாய்வெயிலில் தானாகத் தெரியும்.

கே: அப்ப பாண்டியர் கட்டலைன்னு சொல்றீங்களா? நாயக்கருக்கே எல்லாப் பேரும் போகணுமா?

ப: நான் எப்போது அப்படிச் சொன்னேன்? ஆண்டாள் நூறு தடா வெண்ணெய் நேர்ந்த திருமாலிருஞ்சோலை இது. நாயக்கருக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. கருவறை மேல் இருக்கும் வட்ட விமானத்தைப் பாருங்கள், அப்படியொன்று அபூர்வம். கல்யாண மண்டபத்துத் தூண்களில் நரசிம்மர் இரணியனைக் கிழிப்பது நாயக்கர் காலத்துக் கை. ஒருத்தர் கட்டியதன்மேல் இன்னொருத்தர் கட்டியிருக்கிறார். இதற்குப் போய்க் கட்சி கட்டிச் சண்டையா?

கே: அந்த ஆள் சொன்னதுல நியாயம் இருக்குண்ணே. பாண்டியரை...

ப: போதும்ப்பா. இருவரும் நேரில் வாருங்கள், மதிலைக் காட்டுகிறேன். மாவு கொண்டுவராதீர்கள்.

கே: மதுரைக் கோட்டையைப் பார்க்க முடியுமா?

ப: கலெக்டர் பிளாக்பர்ன் 1840களில் இடித்துவிட்டார். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதிப் பெயர்கள் அந்த வேலையில் இருந்தவர்கள் பெயர்தான். மிச்சத்துக்கு மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசலைப் போய்ப் பாருங்கள்.

கே: ஐயா, சுரங்கம் திருமலை நாயக்கர் மகாலுக்குத்தானே போகுது?

ப: மேலே பாருங்கள்.

கே: நூபுர கங்கைக்கு நடந்தே ஏறலாமா?

ப: ஏறலாம், வெயிலுக்கு முந்தி. வழியில் பழமுதிர்சோலை.

கே: சுரங்கத்துக்கு வாசல் மட்டும் எங்கன்னு...

ப: அடுத்தது.

கே: பிரசாதத் தோசை வாங்கிட்டு மதிலைச் சுத்தலாமா?

ப: சுற்றலாம். கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், பைக்குள் போடுங்கள். போன மாதம் என் தோசையை ஒரு குரங்கு மதில் மேல் உட்கார்ந்து தின்றது.