ஓராண்டு கம்பெனி இன்டர்ன்ஷிப்: படிக்கும்போதே போகலாமா?

கேள்வி: அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஒரகடம் பக்கம் உள்ள ஒரு வாகன உதிரிபாக நிறுவனம் தன் சட்டப் பிரிவில் ஓராண்டு இன்டர்ன்ஷிப் தருவதாகச் சொல்கிறது. வாரம் ஐந்து நாள், மாதம் 12,000 ரூபாய். அடுத்த மாதமே சேர வேண்டுமாம். அப்பாவோ, "நல்ல சீனியரிடம் போய்க் கோர்ட்டைப் பழகு, கம்பெனியில் என்ன கற்றுக்கொள்ளப் போகிறாய்?" என்கிறார். போகலாமா, வேண்டாமா?

பதில்: போகலாம். ஆனால் இப்போது வேண்டாம். கடைசி ஆண்டுத் தேர்வை எழுதி முடித்துவிட்டுப் போங்கள்.

ஏன் இப்போது வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் 25-ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். நிறுவனங்களில் செய்வதும் கணக்கில் சேரும். ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அதாவது, நீங்கள் 52 வாரம் உழைத்தாலும் கல்லூரிக் கணக்கில் அது 52 வாரமாக ஏறாது. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வழக்காடும் வழக்கறிஞர்களிடம் ஒரு முறையாவது பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதை முடித்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

அடுத்தது வருகை. ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீதம் என்கிறது 12-ஆம் விதி. வாரம் ஐந்து நாள் ஒரகடத்தில் இருந்துகொண்டு அதை எட்ட வழியே இல்லை. "கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நம்பிக்கையில் ஒரு செமஸ்டரையே இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, படிப்பு முடிந்த பிறகு ஒரு முழு ஆண்டை அங்கே கொடுப்பது தகுமா? தகும் என்பேன். அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

நான் சட்டம் முடித்ததும் ஒரு நிறுவனத்தில் ஓராண்டு பயிற்சியில் இருந்தேன். முதல் மூன்று மாதம் பழைய ஒப்பந்தங்களை ஸ்கேன் செய்ததுதான் வேலை. யாருடன் ஒப்பந்தம், எந்தத் தேதி, எப்போது காலாவதி, முன்னறிவிப்பு எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாக எக்செல்லில் ஏற்ற வேண்டும். கூடப் படித்தவர்கள் உயர் நீதிமன்றத்தில் சீனியருக்குப் பின்னால் கட்டு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எனக்கு வாழ்க்கையே வீணாகிறது என்று தோன்றியது. நான்காம் மாதம் ஒரு நாள், கிடங்கு ஒன்றின் குத்தகையைப் புதுப்பிக்க 90 நாளுக்கு முன்பே கடிதம் கொடுத்திருக்க வேண்டும், இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி என்பது என் கண்ணில் பட்டது. அலுவலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது. அந்த வரியை டைப் செய்தவள் நான்தானே! கடிதம் எழுதியது, கிடங்கு உரிமையாளரிடம் பேசியது, புதிய பத்திரம் தயாரித்தது, முத்திரைத் தீர்வை கணக்கிட்டது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு முடியும்வரை காத்திருந்தது என்று அந்தக் குத்தகையின் கடைசிக் கையெழுத்துவரை நானும் இருந்தேன். அதற்கே ஐந்து மாதம் ஆனது. நான்கு வார இன்டர்ன் ஒருவர் இதில் எந்தப் பகுதியைப் பார்த்திருப்பார்? ஸ்கேனரை மட்டும்தான். ஒரு வேலையின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே ஆள் பார்க்க முடிகிறது என்பதுதான் ஓராண்டின் பயன்.

உங்களுக்கு வந்திருப்பது உற்பத்தி நிறுவனம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னாளில் நான் ஒரு சட்டப் பிரிவை நடத்தியபோது, பயிற்சிக்கு வந்த மாணவி ஒருவர் பர்சேஸ் ஆர்டர் ஒன்றோடு வந்து நின்றார். அதன் பின்பக்கத்தில் "பணம் 90 நாளில்" என்று அச்சாகியிருந்தது. "மேடம், இவர் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள சிறு உற்பத்தியாளர். 90 நாள் போட முடியுமா?" என்று கேட்டார். முடியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு, எழுதி ஒத்துக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பர்சேஸ் பிரிவில் உள்ளவர்கள் பல ஆண்டாக அந்தப் படிவத்தைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசி, எந்த சப்ளையருக்கு எந்த விதி என்று பிரித்து, படிவத்தை மாற்ற ஆறு வாரம் ஆனது. சட்டத்தின் 15-ஆம் பிரிவைச் சொல்ல அந்த மாணவிக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. மீதி நாளெல்லாம், உற்பத்தியை நிறுத்தாமல் அதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று கற்றுக்கொண்டார். எந்த வகுப்பிலும் அது கிடைக்காது.

பழைய ஒப்பந்தப் படிவங்களில் இப்படி நிறைய கிடக்கும். தகராறு வந்தால் கம்பெனியின் நிர்வாக இயக்குநரே தனி நடுவரை (ஒரே ஆளாக இருந்து தகராறைத் தீர்ப்பவரை) நியமிப்பார் என்று ஒரு ஷரத்து இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒருவர் தனி நடுவரை நியமிக்க முடியாது என்று 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் அந்த வரி பல படிவங்களில் அப்படியே தொடர்கிறது.

இனி அப்பா சொல்வது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தட்டிக்கழிக்காதீர்கள். கம்பெனியில் இருந்தால் வாய்தா கேட்கும் கூச்சம் தெளியாது, குறுக்கு விசாரணை காதில் விழாது. நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை என்று 2025 மே 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது. பார் கவுன்சிலில் வழக்கறிஞராகத் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்துதான் அந்த அனுபவம் கணக்கிடப்படும். இன்டர்ன்ஷிப் ஆண்டு அதில் சேராது. பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, இன்னொரு பக்கம் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கவும் வழக்கறிஞர் நடத்தை பற்றிய பார் கவுன்சில் விதிகளின் 49-ஆம் விதி அனுமதிக்காது. ஆகவே நீதிபதி ஆவதுதான் உங்கள் இலக்கு என்றால் அப்பா பேச்சைக் கேட்டு நேரே கோர்ட்டுக்குப் போங்கள். இன்னும் முடிவு செய்யவில்லை, ஒப்பந்தம், தொழிற்சாலை, வணிகம் பக்கம் மனம் போகிறது என்றால், என்ரோல்மென்டை, அதாவது பார் கவுன்சில் பதிவை, ஓராண்டு தள்ளிவைத்து இதைச் செய்யலாம்.

சேர்வதற்கு முன் சிலவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்தப் போவது யார்? சட்டம் படித்தவரா, வேறு பிரிவின் மேலாளரா? இதுதான் முக்கியம். நீங்கள் எழுதிய வரைவைச் சிவப்பு மையில் திருத்தித் தர ஒருவர் இல்லையென்றால், உதவித்தொகை 25,000 என்றாலும் போகாதீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு வேறு வகை வேலை தருவார்களா என்று கேளுங்கள். நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று பாண்ட் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் கேட்பார்கள், அது நியாயமானது. கையெழுத்திட்ட பிறகு ஒரு வரைவைக்கூட உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பக் கூடாது, ஏஐ செயலிகளில் ஒட்டிப் பார்க்கவும் கூடாது. அப்புறம், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பயிற்சியாளர்களையும் ஊழியர் என்றே கொள்கிறது. உள் புகார்க் குழுவில் இருப்பவர்கள் யார் என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது அந்த நிறுவனத்துக்கு இப்படிப் பதில் எழுதலாம்: "வரும் விடுமுறையில் நான்கு வாரம் வருகிறேன். படிப்பு முடிந்ததும் ஓராண்டு முழுநேரமாக வர விரும்புகிறேன்." அந்த நான்கு வாரத்தில் அவர்கள் உங்களைப் பார்ப்பார்கள், நீங்களும் அவர்களைப் பார்ப்பீர்கள். காத்திருக்க மாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. நீங்கள் தேர்வு எழுதி முடிக்கும்போதும் அவர்களுக்கு ஒப்பந்தம் படிக்க ஆள் தேவைப்படும்.